மூன்றாவது கூடாரம்

மூன்றாவது கூடாரத்தில் தங்கியவர்கள் மட்டும் ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஐரோலி அலுவலகத்திலிருந்து திரும்பிய சுபின், செம்பூர் வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல், கைபேசி வெளிச்சத்தில், கூடாரத்தில் தங்கியவர்கள் நிரப்பிக் கொடுத்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தான். கேள்விகள் நண்பன் அல்தாப் தயாரித்தவை. கார் வரும் வழி எப்படி? தரை உறுத்தியதா? கழிப்பறை போதுமா? பூச்சித் தொல்லை உண்டா? தூக்கம் வந்ததா? முதல் இரண்டு கூடாரத்துக்காரர்களும் கழிப்பறை தூரம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கொசு என்று கோடிட்டிருந்தார். மூன்றாவது தாளில், கடைசிக் கேள்விக்குக் கீழே, பென்சிலில் இரண்டு வரி. இரவில் வந்து போர்வையை இழுத்துவிட்ட அக்காவுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். அவர்கள் இல்லையென்றால் தூங்கியிருக்க மாட்டோம்.

அந்த நிலத்தில் அக்கா யாரும் இல்லை.

கல்யாணிலிருந்து முர்பாட் சாலையில் ஒரு மணி நேரம் போனால் வரும் பத்து குந்தா இடம் அது. கால் ஏக்கர். கல்யாணமான வருடம் அவனும் சுஜாவும் சேர்ந்து வாங்கியது. வரிசையாக பங்களா கட்டித் தருகிறேன் என்றவன் எல்லைக் கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போய்விட்டான். சுஜா போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. டெங்கு, ஆறே நாள்.

கூடாரம் போட்டு வாடகைக்கு விடலாம் என்பது அல்தாப்பின் யோசனை. சுபினோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். தாராவியில் அவன் வாப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறை இருந்தது. அங்கேயே கூடாரமும் தைத்து, சனி ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே ஆட்களைக் கூட்டிப்போய்த் தங்கவைப்பான். அவன் வேலையில் சேர்ந்தது சுஜா போன பிறகு. அவளை அவன் பார்த்ததேயில்லை.

"சும்மா புல்லு மொளச்சுக் கெடக்குற எடம்தான பாய். ஒரு ட்ரையல் பாப்போம். செட் ஆச்சுன்னா டிசம்பர்ல வாரா வாரம் ஆள் வரும். ஆகலைன்னா டாட்டா சொல்லிட்டுப் போயிருவோம்" என்றான்.

இடம் தேறுமா என்று பார்ப்பதற்கு அல்தாப்புக்கு ஒரு முறை இருந்தது. பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பான். காய்ந்த கொம்பு தலைக்கு மேல் தொங்குகிறதா என்று பார்ப்பான். பிறகு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். அப்படி ஐந்தாறு இடங்களில் படுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் புங்க மரத்தடியில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"இதான் பாய் நம்பர் ஒன் எடம். கல்லு இல்ல, சரிவு இல்ல. மெத்த மாதிரி வாங்குது."

"அங்க வேணாம்" என்றான் சுபின்.

"ஏன்?"

"வேணாம்."

ஆனால் ஒத்திகை இரவன்று சுபினுக்கு ஷிப்ட் இருந்தது. அல்தாப் மூன்றாவது கூடாரத்தைப் புங்க மரத்தடியில்தான் அடித்திருந்தான்.

புங்க மரத்தடியில் சுஜா இருந்தாள்.

இந்த நகரத்தில் கல்லறைக்கும் தவணை உண்டு. இரண்டு வருடம் முடிந்ததும் குழியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எலும்பை வீட்டார் வாங்கிச் சுவரில் ஒரு சின்ன மாடத்தில் வைக்கலாம். மாடம் கிடைக்காவிட்டால் பொதுக்கிணற்றில் போட்டுவிடுவார்கள். அவனுக்கு மாடம் கிடைக்கவில்லை. அந்தக் கிணற்றை அவன் எட்டிப் பார்த்தான். அவள் அங்கே யார் யாரோடோ கலந்து கிடப்பாள். உயிரோடு இருந்தபோதே, ரயிலில் அவள் பக்கத்து இருக்கைக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தால் அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கருகும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசமாட்டான். கிணறு வேண்டாம், ஊரில் கல்லறை இருக்கிறது என்று பொய் சொல்லி, வெள்ளைத் துணிப்பையை வாங்கிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காத ஒரு மத்தியானத்தில் மரத்தடியில் வைத்து மூடினான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம், மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். ஒரு இலைகூட அசைந்ததில்லை.

இப்போது, முன்பின் தெரியாத இரண்டு பேருக்குப் போர்வையை இழுத்துவிட்டிருக்கிறாள்.

தாளை மடித்தான். பிரித்தான். மறுபடியும் படித்தான். பயம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்தது வேறு.

*

தாளில் இருந்த எண்ணைக் கூப்பிட்டான். நுஸ்ரத் என்று ஒரு பெண், சீத்தா கேம்ப்பில் டீச்சர். லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காள் சைனப்போடு வந்து தங்கியவள். இடத்துக்காரன் என்று சொன்னதும் கலகலவென்று பேசினாள்.

"தமிழ்லதாண்ணா பேசுனாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம், முர்பாட் காட்டுக்குள்ள நம்ம பேச்சு. லாத்தா ஒரு பக்கம் கொறட்ட. நான் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஜிப்பத் தொறந்துட்டு வந்து, குளிருதான்னு கேட்டாங்க."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"இருட்டுண்ணா. தலை மட்டும் ஈரம். சொட்டுச் சொட்டா எங்கையில விழுந்துச்சு. இந்நேரத்துலயா குளிச்சீங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"உங்க வீட்டுக்காரங்களாண்ணா?"

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்லியே. லாத்தா கால்ல செருப்புக் கடிச்ச புண்ணு. அதையே ரொம்ப நேரம் தடவிக் குடுத்தாங்க. காலையில பாத்தா வலியே இல்லங்குறா. அவங்களையே வேலைக்கு வெச்சுக்கங்கண்ணா, பெரிய மனசு அவங்களுக்கு."

அன்று இரவு சுபின் சாப்பிடவில்லை. கட்டிலின் இடது பாதியில் வழக்கம்போலப் படுத்தான். வலது பாதியை அவன் மூன்று வருடமாகத் தொட்டதில்லை. எவளோ ஒருத்தியின் செருப்புக் கடியை நினைத்துக்கொண்டே கிடந்தான். அந்தப் புண்ணின் மேல் அவனுக்கு வந்த ஆத்திரம் அவனுக்கே புரியவில்லை.

சனிக்கிழமை தனியாகப் போனான். முதல் சனிக்கிழமை இல்லை, இருந்தாலும் போனான். வெயில் இறங்கி, எல்லைக் கற்களின் நிழல் புல்லின் மேல் நீண்டு, பக்கத்து நிலத்தில் யாரோ காய்ந்த சருகைக் கொளுத்திய புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து மரத்தடியில் தேங்கி நிற்க, தூரத்து நெடுஞ்சாலையில் லாரிகளின் ஹாரன் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல மங்கி மங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. கூடாரம் இருந்த இடத்தில் புல் செவ்வகமாக அமுங்கியிருந்தது. அதன் நடுவில் உட்கார்ந்தான்.

"சுஜா" என்றான்.

பூச்சிகளின் இரைச்சல் நின்றது.

"எவளுக்கோ காலத் தடவி விடுற. நான் வந்தா மட்டும் உனக்கு வாய் இல்லியா?"

காத்திருந்தான். இருட்டியது. அவனைச் சுற்றி ஒரு பத்தடிக்கு மட்டும் பூச்சிகள் கத்தவில்லை, அதற்கு வெளியே எல்லாப் பக்கமும் கத்திக்கொண்டிருந்தன. உள்ளங்கையைத் தரையில் வைத்தான். சில்லென்றிருந்தது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் தரை இன்னும் கொஞ்சம் குளிர்ந்ததுபோல இருந்தது. எழுந்து சாலையை நோக்கி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தது. பார்க்காமல் இருக்கிறார்கள். வேண்டுமென்றே, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

*

அடுத்த வாரம் அல்தாப் மூன்றாவது கூடாரத்தில் தானே ஒரு இரவு தங்கிப் பார்த்துவிட்டு வந்தான். குளிர் எவ்வளவு, எந்தத் தடிமனில் பாய் வேண்டும் என்று பார்க்கத்தான் போனான். தாராவிப் பட்டறையில், தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே, டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பேசினான்.

"பாய், அந்த அக்கா வந்துச்சு."

சுபின் தன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் கள்ளப் பய எவனோன்னு டார்ச்ச எடுக்கப் போனேன். படுத்துக்கப்பான்னு சொல்லி நெத்தியில கைய வெச்சுச்சு. அவ்வளவுதான். எங்கும்மா மவுத்தானதுக்கு அப்புறம் ஒருத்தரும் எந்தலையில கை வெச்சதில்ல. நான் அப்படியே..." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "சிரிக்காத லே. விடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து இருந்துச்சு."

"விடியிற வரைக்குமா?"

"ஆமா. பக்கத்து நெலத்து வாட்ச்மேன் பொண்டாட்டியா இருக்கும். சமையலுக்கு அதையே வெச்சிருவோம். கைராசி."

"தலையில எவ்வளவு நேரம் கை வெச்சிருந்தா?"

"என்ன கேள்வி பாய் இது?"

"சும்மா கேட்டேன்."

"யாரு கண்டா. நல்ல நீளக் கை. ஆளே ஒசரம், நம்மள விட ஒசரம். மடங்கி மடங்கித்தான் உள்ள வந்துச்சு. பேச்சு சுத்தமா நம்ம தின்னவேலிப் பேச்சு. எனக்குத் தெருக்காரி மாதிரியே இருந்துச்சு." அல்தாப் டீயைக் குடித்தான். "சரி, டிசம்பர் புக்கிங் தொறக்கணும். தேறுமா தேறாதா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிரு. எடம் உன்னுது, நீதான் சொல்லணும்."

சுஜா சுபினின் நெஞ்சு உயரம்தான். மார்த்தாண்டத்துக்காரி. அவள் பேச்சில் பாதி, திருநெல்வேலிக்காரியான அவன் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அதை அவன் யோசித்தான். படுத்துக் கிடப்பவனுக்கு நிற்பவர்கள் எல்லோரும் உயரம்தான். மாமியாரோடு நாலு வருடம் இருந்தவளுக்குப் பேச்சு மாறாதா. மாறும். குர்லா தாண்டும்போது, எலும்புப் பையை வாங்கிய அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. அன்று கல்லறைத் தோட்டத்தில் நான்கு குழிகளைத் திறந்திருந்தார்கள். பெஞ்சின் மேல் நான்கு வெள்ளைப் பைகள் வரிசையாக இருந்தன. நூலில் கட்டிய சீட்டுகள் ஊறிப்போய், மை ஒழுகி, ஒரே நீலமாக இருந்தன. வேலையாள் குனிந்து பார்த்து, இதுதான் என்று ஒன்றை எடுத்து நீட்டினான். சுபின் சரிபார்க்கவில்லை. எலும்பை எப்படிச் சரிபார்ப்பது?

அப்படி இருக்காது என்று முடிவு செய்தான்.

சுஜாதான். தன்மேல் கோபமாக இருக்கிறாள். வந்து தங்குகிறவர்களுக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்கவில்லை என்றால், வந்து தங்குகிறவனாகப் போக வேண்டியதுதான். கைபேசியில் அல்தாப்பின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தான். சனிக்கிழமை. ஒரு நபர். மூன்றாவது கூடாரம். பணம் கட்டினான்.

*

"சொந்த எடத்துல காசு குடுத்துப் படுக்குற மொத ஆளு நீதான் பாய்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான் அல்தாப். முதல் இரண்டு கூடாரங்களில் அவன் அழைத்து வந்த கல்லூரிப் பையன்களும் பெண்களும் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சுபின் வரிசையில் நின்று தட்டு வாங்கினான். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தான். கழிப்பறை தூரம் என்று ஒருத்தி சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டினான். விருந்தாளி.

படுக்கப் போகும்போது சின்ன விளக்கைக் கூடாரத்தின் கால்மாட்டில் வைத்தான். பழக்க தோஷத்தில் இடது பாதியில்தான் படுத்தான். வெளியே நெருப்பு வெடித்து வெடித்து அடங்குவதும், யாரோ ஹிந்திப் பாட்டு ஒன்றைத் தப்புத் தப்பாகப் பாடி மற்றவர்கள் அவனை அடிக்கப் போவதும், பிறகு ஒவ்வொரு கூடாரமாக ஜிப் மூடப்படுவதும், பேச்சு முணுமுணுப்பாகி முணுமுணுப்பு இருமலாகி இருமலும் நின்றுபோவதும், புங்க இலைகளிலிருந்து பனி சொட்டித் துணிமேல் விழுந்து மெல்ல வழிந்து இறங்குவதும் ஒவ்வொன்றாகக் கேட்டன. துணியில் புது ரப்பர் வாசனை. அதற்கடியில் மண் வாசனை. அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. விருந்தாளிகள் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

பூச்சிகள் நின்றன.

முதலில் பக்கத்தில். பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு எங்கும்.

ஜிப் அசைந்தது. மேலிருந்து கீழே. ஒவ்வொரு பல்லாக. பொறுமையாக.

குளிர்ந்த காற்று வந்தது. ஈரத் துணியும் சுண்ணாம்பும் கலந்த நெடி. அவன் கண்ணை மூடிக்கொண்டான். வந்தவள் குனிந்து உள்ளே வந்தாள். வந்துகொண்டே இருந்தாள். ஒரு ஆள் உள்ளே வர அவ்வளவு நேரம் ஆகாது. இமைக்குள் விளக்கின் சிவப்பு அணைந்து, தெரிந்து, அணைந்தது.

"குளிருதா?"

எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி. அவன் பல்லைக் கடித்தான்.

போர்வை மேலே ஏறியது. கழுத்துவரை. ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் கன்னத்தில் விழுந்து காதுக்குள் ஓடியது. பிறகு நெற்றியில் கை.

மூன்று வருடமாக வராத அழுகை வந்தது. சத்தமாக. யாருக்கு வேண்டுமானாலும் கேட்கட்டும். அந்தக் கை அவன் முடியைக் கோதியது. அல்தாப்புக்குச் செய்ததைவிட மெதுவாக. நிச்சயமாக மெதுவாக. அவன் அந்தக் கையைப் பிடித்தான்.

"சுஜா" என்றான்.

கை நின்றது.

துணியில் பனி சொட்டியது. ஒன்று. இரண்டு.

"யாரு அவ?"

சுஜாவின் குரல் இல்லை. தாழ்ந்த குரல், அவன் அம்மாவின் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் கேட்கக்கூடிய குரல்.

"மாசா மாசம் வந்து எம்மேல உக்காந்துகிட்டு அவ பேரத்தான் சொல்லுதீரு. நான் எப்படித் திரும்பிப் பாப்பேன்?"

அவன் கையை விட முயன்றான். அந்தக் கை விடவில்லை.

"ரயில்ல அத்தன கூட்டம். எல்லாரும் பைய மேல வைக்கச் சொன்னாவ. நீரு குடுக்கல. கல்யாண் வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தீரு. என்னத்தான் வெச்சிருந்தீரு. உயிரோட இருக்கயில எவனும் என்ன அப்படிப் பிடிச்சதில்ல."

"நீ..." என்றான்.

"வாறவுக எல்லாருக்கும் செஞ்சேன். காலத் தடவுனேன். தலையத் தடவுனேன். உம்ம காதுக்கு வரும்னுதான். வந்ததும் பொறுக்காம ஓடி வருவீருன்னு தெரியும்." சின்னதாக ஒரு சிரிப்பு. "வந்துட்டீரு. வந்தும் அவ பேரா?"

கண்ணைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. பக்கத்தில் பாய் அமுங்கியது. வலது பாதி. முதலில் தோள். பிறகு இடுப்பு. பிறகு, வெகுநேரம் கழித்து, கால்மாட்டில், விளக்கு உருண்டு விழும் சத்தம்.

வெளியே காலடி. டார்ச் வெளிச்சம் துணியின் மேல் பட்டு இமை வழியாகச் சிவந்தது. அல்தாப்.

"பாய்? அழுத மாதிரி கேட்டுச்சே. எல்லாம் ஓகேவா?"

சுபின் வாயைத் திறந்தான். வாயின் மேல் ஒரு உள்ளங்கை இறங்கியது. முகம் முழுவதற்கும் போதுமாக இருந்தது. மண் ருசி.

வெளிச்சம் துணியில் ஒரு கணம் நின்றது. தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஊர்ந்து, மூலையில் மடங்கி, திரும்பி வந்தது.

"ஓ, அக்கா வந்துட்டீங்களா?" அல்தாப்பின் குரல் இளகியது. "சாரிக்கா. பாவம், பொண்டாட்டி போன ஆளு. நீங்க பாத்துக்குங்க. குட் நைட்."

செருப்புச் சத்தம் போனது. வெளிச்சமும் போனது.

ஜிப் மூடத் தொடங்கியது. உள்ளிருந்து. ஒவ்வொரு பல்லாக.

"இனி யாரும் வர வேணாம்னு சொல்லிரும்" என்றாள், காதோடு. "எடம் ரெண்டு பேருக்குச் சரியா இருக்கு."

ஈரத் தலை அவன் தோளின் மேல் ஏறியது. இங்கும் அங்கும் புரண்டது. மேடு பார்த்தது. பள்ளம் பார்த்தது. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு இடத்தில் நின்றது. பாரம் இறங்கியது. அவனுக்குக் கீழே தரை, மெத்தையைப் போல, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டது.